ளகர மெய்

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே என் மருந்துக்கடை.
சாயங்காலம் கிடார் உறையோடு மூன்று பையன்கள் வந்தார்கள்.
இருமலுக்கா, என்றேன்.
இல்லக்கா, அந்தப் பாட்டு
உங்களைப் பத்தினதாமே.

'பாறை விழும் பகுதி' என்று
மலைப்பாதைப் பலகையைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்ட
நாலு பேரின் ஒரே கேசட்.
பி பக்கம், கடைசிப் பாட்டு.
ராக்குன்னா பாறைதானே என்று
மருதவீரன் சிரித்தான் அப்போது.
மண் சரிவதற்கு முந்திய சிரிப்பு அது.

வரி வரியாக எழுதி வைத்திருந்தார்கள், அடிக்கோட்டோடு.
'தரை நடந்து போகுது' –
காதல் போதை என்றான் ஒருவன்.
நிலையாமை என்றான் கண்ணாடி போட்டவன்.

தரை நடந்ததுதான், தம்பி.
கார்த்திகை மாசம், ராத்திரி ரெண்டேகால்.
தேயிலைச் செடிகள் நின்ற வாக்கில்
வரிசைகூடக் கலையாமல் இறங்கி வந்தன
லயத்து வீடுகளின் மேல்.
உவமை தேட அவனுக்கு நேரமிருக்கவில்லை.

இதை நான் சொல்லவில்லை.
சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.

'கதவைச் சாத்தாதே, சாவி உள்ளே இருக்கு' –
பல்லவி. கடைசியில் பதினொரு முறை வரும்.
பதினொன்றுக்கு ஒரு கணக்கும் கண்டுபிடித்திருந்தார்கள்.
நானும் ஒருகாலத்தில் கேட்டவள்தான்.
டேப் அவ்வளவுதான் மிச்சம் இருந்துச்சு, என்றான்.

வெளியே ஓடி வந்துவிட்ட தம்பி சிவனு
மண்டபம் முகாமில் முத்திரை குத்திக் கொடுத்த
குடும்பக் காகிதத்துக்காக மறுபடி உள்ளே போனான்.
இவன் வாசலில் நின்று கத்தியது
வந்துடுடா என்று அல்ல.
சாவியைப் பற்றி.
இன்னும் கொஞ்ச நேரத்தில் இல்லாமல் போகிற
ஒரு கதவின் சாவியைப் பற்றி.
சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.
நின்று, குனிந்து,
கதவுக்கு ஒரு கல்லை அண்டக் கொடுத்தான்.

அந்தக் குனிதல் பாட்டில் நாலு தட்டு.
கிடார் நின்றுவிடும், டிரம்ஸ் மட்டும்.
கேட்கிறவர்கள் அங்கேதான் விசிலடிப்பார்கள்.

அப்புறம் மூன்றாம் சரணம்.
'அவள் வர நேரமாகும், விளக்கை அணைக்காதே.'
அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன்.
கல்யாணம் பேசி நின்றுபோனது நிஜம்.
ஆனால் பாட்டு முதலில், அது பிறகு.
ஊருக்குத் தேதி எதற்கு?

நோட்டில் முதலில் 'அவன்' என்றுதான் இருந்தது.
ஏன் அடிச்சே, என்றேன்.
மெட்டில் உட்காரலை, என்றான்.
அவன், அவள்.
ரெண்டு குறில், ஒரு ஒற்று.
ரெண்டும் ஒரே எடை.
நான் தமிழில் சுமார். இருந்தாலும் இது தெரியும்.
பாடிப் பார், என்றேன்.

'அவ' வரைக்கும் வந்தான்.
னகரத்துக்கு நாக்கு முன்னே போக வேண்டும்.
போகவில்லை.
பின்னால் மடங்கி, ள் ஆகி, விழுந்தது.

அந்த மடிப்பில் இருபத்திரண்டு வருஷமாகக் குடியிருக்கிறேன்.
வாடகை கேட்டு யாரும் வந்ததில்லை.
அவன் திருப்பூரில் ஏதோ பனியன் கம்பெனியில்.
பாடுவதில்லை என்று கேள்வி.

சர்ச் விழாவில் பாடப்போறோம்,
'அவள்'னே பாடலாமாக்கா?
பாடுங்க.
அந்த நாலு தட்டுல மட்டும் யாரும் விசிலடிக்காம பாத்துக்கங்க.

ஏன், என்றான் கண்ணாடிக்காரன்,
பேனா மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு.
அவனுக்கு ஒரு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்தேன்.
வந்ததிலிருந்து நிஜமாகவே இருமிக்கொண்டிருந்தான்.

ஒன்பது மணிக்கு ஷட்டரைப் பாதி இறக்கினேன்.
மேட்டுப்பாளையம் கடைசி பஸ் போனது,
பனி விளக்கோடு.
சாவி கையில்தான் இருந்தது.
குனிந்து ஒருமுறை உள்ளே பார்த்துவிட்டு
மீதியை இறக்கினேன்.